ஞானஸ்நானமும் விலைச்சீட்டும்

கொட்டாஞ்சேனைக்கும் புறக்கோட்டைக்கும் இடைப்பட்ட மேட்டில் ஒல்லாந்தரின் வுல்வெண்டால் ஆலயம் நிற்கிறது. 1749இல், தேசாதிபதி வன் கொல்லெனெஸ் காலத்தில் கட்டத் தொடங்கி, 1757இல் தேசாதிபதி லோட்டன் காலத்தில் ஆராதனைக்குத் திறந்தார்கள். உள்ளே போனால் தரையிலும் சுவரிலும் நினைவுக்கற்கள். குடும்பச் சின்னமும் பதவிப் பெயரும் பொறித்த அந்தக் கற்களில் சில, கோட்டைக்குள் இருந்த பழைய ஆலயத்திலிருந்து தேசாதிபதிகளின் எச்சங்களை 1813இல் இங்கு மாற்றியபோது வந்தவை. அந்தக் கனவான்களின் வீட்டில் சமைத்தவர்கள், பல்லக்குத் தூக்கியவர்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்களின் பெயர்களைத் தேடினால் கல்லில் கிடைக்காது. ஞானஸ்நானப் பதிவேடுகளிலும் மரணசாசனங்களிலும் சொத்துப் பட்டியல்களிலும்தான் கிடைக்கும். அவர்கள் அடிமைகள்.

ஒல்லாந்தர் காலக் கொழும்பில் அடிமை என்பவர் எங்கோ ஒரு மூலையில் இருந்தவர் அல்லர். 1694ஆம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் நகரக் குடிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் அடிமைகள். சோழமண்டலக் கரை, மலையாளக் கரை, வங்காளம், சாவகத் தீவுகள், மடகாஸ்கர், மொசாம்பிக் எனப் பல திசைகளிலிருந்து வந்தவர்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்குச் சொந்தமான அடிமைகளை இரவில் பேரை வாவிக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் ‘அடிமைத் தீவு’ என்று பெயர் நிலைத்தது அதனால்தான். வாவியில் முதலைகளை விட்டிருந்தார்கள் என்ற கதையைக் கொழும்பில் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

இந்த நகரத்தின் போதகர்களும் கோவாவின் ஆயர்களும் அமெரிக்கப் பண்ணையார்களும் ஒரே கேள்வியில் தடுக்கி விழுந்தார்கள். அடிமை ஞானஸ்நானம் பெற்றால் அவன் விடுதலையாகிறானா? ஒரே திருவிருந்தில் பங்கு கொள்கிறவனை மறுநாள் சந்தையில் விற்கலாமா? அடிமைமுறை பற்றித் திருச்சபைகள் எடுத்த நிலைப்பாடுகளின் வரலாறு பெரிது. அதைப் படிக்க இந்த ஒரு கேள்வி போதும். பதில் எப்போதும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ‘இல்லை’ என்றார்கள். அந்த ‘இல்லை’யைக் காப்பாற்ற எவ்வளவு சிரமப்பட்டார்கள் என்பதில்தான் சுவாரசியம்.

வேதாகமம் இரு தரப்புக்கும் கைகொடுத்தது. ஓடிப்போன ஒநேசிமு என்ற அடிமையை எசமானிடமே திருப்பி அனுப்புகிறார் பவுல். ஆனால் அடிமையாக அல்ல, பிரிய சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பிலேமோனுக்குக் கடிதம் கொடுத்து அனுப்புகிறார். எசமான் அந்தக் கடிதத்தின் முற்பாதியைப் படித்தான், அடிமை பிற்பாதியைப் படித்தான். நான்காம் நூற்றாண்டில் நீசா நகரத்து ஆயர் கிரகோரியார், கடவுளின் சாயலுக்கு யார் விலை குறிப்பது என்று பிரசங்கத்திலே நேராகக் கேட்டார். அடுத்த பல நூற்றாண்டுகளில் அந்தக் குரலைப் பின்தொடர்ந்தவர்கள் மிகக் குறைவு. இதில் கிறிஸ்தவம் மட்டும் தனித்து நின்று வெட்கப்பட வேண்டியதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்குத் தம்மையே விற்றுக்கொண்டவர்கள் உண்டு. அநுராதபுர விகாரைகளுக்கும் அடிமைகள் இருந்தார்கள். ஆனால் எல்லா மனிதரும் ஒரே ஆதாமின் மக்கள் என்று வாரந்தோறும் சொல்லிக்கொண்டிருந்த மதத்திடம் கணக்குக் கேட்பது நியாயம்.

இலங்கைக்கு முதலில் அந்தக் கணக்கைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர். பாப்பரசர் ஐந்தாம் நிக்கொலா 1452இல் போர்த்துக்கல் மன்னனுக்கு எழுதிக் கொடுத்த ஆணை, புறமதத்தாரை நிரந்தர அடிமைகளாக்க அனுமதித்தது. 1537இல் மூன்றாம் பவுல், அமெரிக்கப் பழங்குடிகளையும் இனிமேல் அறியப்படும் மக்களையும் அடிமைப்படுத்தக் கூடாது என்றார். அதே பாப்பரசர் 1548இல் உரோமாபுரிவாசிகள் அடிமைகளை வாங்கி வைத்திருக்கலாம் என்று உறுதி செய்தார். உத்தரவு ஒரு பக்கம், விலக்கு மறுபக்கம் என்ற இந்தப் பழக்கம் கிழக்கேயும் வந்து சேர்ந்தது. 1567இல் கூடிய கோவா மாகாணச் சங்கம் எந்தெந்த வழியில் ஒருவன் நியாயமாக அடிமையாகலாம் என்று வரையறுத்தது. நியாயமான போரில் பிடிபட்டவன், பஞ்சத்தில் தன்னைத் தானே விற்றவன், பெற்றோர் விற்ற பிள்ளை என அந்த வழிகள் நீண்டன. இந்து, முஸ்லிம் எசமானிடம் இருக்கும் அடிமை கிறிஸ்தவனானால் விடுதலை உண்டு. கிறிஸ்தவ எசமானிடம் இருப்பவனுக்கு அந்த வழி அடைபட்டது. கோவாவில் இயேசு சபைக் கல்லூரிகளின் சமையலறையிலும் தோட்டத்திலும் அடிமைகளே வேலை செய்தார்கள். மொசாம்பிக்கிலிருந்து கொண்டுவந்த ஆபிரிக்கர்கள் இலங்கையில் காப்பிரியர் ஆனார்கள். அவர்களுடைய சந்ததியினர் புத்தளம் சிரம்பியடியில் இன்றும் கத்தோலிக்கர். போர்த்துக்கேயச் சொற்கள் கலந்த பாட்டுகளைப் பாடுகிறார்கள்.

போர்த்துக்கேயர் கோவாவை ஆண்ட அந்தக் காலத்திலேயே, இலங்கைக் கத்தோலிக்கரின் மிகப் பெரிய பெயருக்கு உரியவரான புனித யோசவ் வாஸ் ஓர் ஓலை எழுதினார். 1677 ஆகஸ்ட் 5ஆம் திகதி கோவாவின் சங்குவாலி ஊரில், தாம் தேவமாதாவுக்கு என்றென்றைக்கும் அடிமை என்று சாட்சி வைத்து எழுதிய அடிமைச் சாசனம் அது. பத்து வருடங்களுக்குப் பிறகு ஒல்லாந்தரின் தடையை மீறி, கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணத்தில் இறங்கினார். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தபோது கூட்டம் கடலோரம்வரை நிறைந்து நின்றது. அவருடைய அடக்கத்தைச் சந்தேகிக்க இடமில்லை. சந்தையில் ஆளுக்கு விலை பேசிய ஒரு நகரத்தில் வளர்ந்த பக்திக்கு மிக இயல்பாகக் கைக்கு வந்த உவமை அதுதான் என்பதை மட்டும் கவனிக்கலாம். விரும்பித் தன்னைக் கொடுப்பவனுக்கு அது அருள். விற்கப்பட்டவனுக்கு?

ஒல்லாந்தர் இந்தக் கேள்வியைச் சட்டப் புத்தகத்தோடு அணுகினார்கள். 1618, 1619ஆம் ஆண்டுகளில் டொர்ட் நகரில் சீர்திருத்தத் திருச்சபையின் மாபெரும் சங்கம் கூடியபோது, கீழைத்தேசத்திலிருந்து ஒரு கேள்வி போயிருந்தது. ஒல்லாந்தர் வீடுகளில் பிறக்கும் புறமத அடிமைப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? விவரம் புரியும் வயது வந்து போதனை பெறும்வரை கூடாது என்று சங்கம் முடிவு செய்தது. ஜெனீவாவிலிருந்து வந்த பேராசிரியர் டியோடாட்டி இன்னொன்றும் சொன்னார்: ஞானஸ்நானம் பெற்றவர்கள் மற்றக் கிறிஸ்தவர்களுக்குச் சமமான சுதந்திரம் அனுபவிக்க வேண்டும், விற்கப்படக் கூடாது. அது ஒரு கருத்தாகப் பதிவாகியது, கட்டளையாகவில்லை. கம்பனி அதன் சாரத்தைச் சுருக்கி, கிறிஸ்தவ அடிமையைக் கிறிஸ்தவரல்லாதவருக்கு விற்கக் கூடாது என்று சட்டம் செய்தது. கிறிஸ்தவன் கிறிஸ்தவனுக்கு விற்பதில் அப்போது தடையில்லை.

டொர்ட் முடிந்து நாற்பது வருடத்தில் வங்கக் கடலின் இக்கரையும் அக்கரையும் அடிமைச் சந்தையாயின. 1659 முதல் 1661 வரை தஞ்சாவூர்ப் பகுதியைப் பஞ்சமும் போரும் சூறையாடின. நாகப்பட்டினத்தை அப்போதுதான் ஒல்லாந்தர் கைப்பற்றியிருந்தார்கள். கஞ்சிக்காகத் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களைக் கம்பனி மலிவாக வாங்கியது. எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடைப்பட்டோர் யாழ்ப்பாணம், கொழும்பு, பட்டாவியா, மலாக்கா என்று கப்பலேறினார்கள். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் தலைமைப் போதகராக இருந்தவர் பிலிப்பு பல்தேயு. தமிழ் படித்தவர், பள்ளிக்கூடங்களை ஊர் ஊராகத் திருத்தி அமைத்தவர், கண் முன் பார்த்ததைப் பெரிய நூலாக எழுதியவர். நாகப்பட்டினத்துப் பஞ்சத்தையும் அங்கிருந்து ஆட்கள் இலங்கைக்கு ஏற்றப்பட்டதையும் அவர் குறிப்பிடுகிறார். இரக்கம் தெரிகிறது, ஆனால் வாங்கிய கையைப் பற்றி எதிர்ப்பு எதுவும் தெரியவில்லை. வாங்கிய கைதான் அவருக்குச் சம்பளமும் கொடுத்தது.

முப்பது வருடங்கள் கழித்து மீண்டும் பஞ்சம். யாழ்ப்பாணத் தளபதி சுவார்டெகுரூன் 1697இல் தமக்குப் பின் வருபவர்களுக்கு எழுதி வைத்த குறிப்பில், எதிர்க்கரையிலிருந்து இரண்டே ஆண்டுகளில் மூவாயிரத்துக்கும் அதிகமான அடிமைகள் வந்திறங்கியதும் அவர்களுக்கு ஆள்வரி பெறப்பட்டதும் கணக்காக இருக்கின்றன. வாங்கியவர்கள் பெரும்பாலும் தனியார். இங்கேதான் கதை நம்முடைய முற்றத்துக்குள் வருகிறது. 1688ஆம் ஆண்டின் ஒல்லாந்தர் கணக்கில் யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 1,80,000 கிறிஸ்தவர்கள். காணி எழுதவும் உத்தியோகம் பெறவும் ஞானஸ்நானம் தேவைப்பட்ட காலம். உள்ளுக்குள் எத்தனை பேர் நம்பினார்கள் என்பது வேறு விடயம். ஆனால் ஏட்டளவில் யாழ்ப்பாணத்து அடிமைச் சொந்தக்காரன் ஒரு கிறிஸ்தவன். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, முதலிமார் சரிபார்த்துக் கொடுத்த யாழ்ப்பாண வழக்கச் சட்டமான தேசவழமையில் அடிமைகளுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. கோவியர், சாண்டார், பள்ளர், நளவர் என்று நான்கு சாதிகளைப் பெயர் சொல்லி, அவர்களுடைய உழைப்பு யாருக்கு, பிள்ளை யாருக்கு, இறந்தால் சொத்து யாருக்கு என்று வகுக்கிறது. நாட்டின் வழக்கம் என்று அதைச் சட்டமாக்கிய ஒல்லாந்த அரசு, தன் போதகர்களிடம் அந்தப் பிரிவைக் காட்டி இது உங்கள் வேதத்துக்கு அடுக்குமா என்று கேட்டதாகத் தெரியவில்லை. கொழும்பில் பிறந்த தமிழர் பிலிப்பு தெ மெல்லோ அந்தத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் உள்நாட்டவர்களில் ஒருவர். அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சானது. வுல்வெண்டால் திறந்து இரண்டே வருடம். பிலேமோனுக்கு எழுதிய கடிதம் தமிழில் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

இதே காலத்தில் லெய்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சம்பவம் இன்றும் வாசிப்பவரைத் தடுமாற வைக்கும். ஆபிரிக்காவில் பிறந்து, சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, ஒல்லாந்தில் படித்த ஜக்கோபுஸ் கப்பிட்டைன் 1742இல் இலத்தீன் ஆய்வுரை ஒன்றை வாசித்தார். அடிமைமுறை கிறிஸ்தவச் சுதந்திரத்துக்கு விரோதம் அல்ல என்பது அதன் வாதம். ஒல்லாந்தர் அதைப் பல பதிப்புகள் அச்சிட்டு மகிழ்ந்தார்கள். போதகராக மேற்கு ஆபிரிக்காவின் எல்மினாக் கோட்டைக்கு அனுப்பப்பட்ட அவர் ஐந்து வருடத்தில், முப்பதாவது வயதையொட்டி, இறந்துபோனார். அவர் ஏன் அப்படி எழுதினார் என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு: ஞானஸ்நானம் விடுதலை தராது என்று நிரூபித்தால்தான் எசமானர்கள் தம் அடிமைகளை மதம் மாற அனுமதிப்பார்கள்.

அது கப்பிட்டைனின் தனி வாதமும் அல்ல. வர்ஜீனியாச் சட்டமன்றம் 1667இலேயே ஞானஸ்நானம் அடிமை நிலையை மாற்றாது என்று சட்டமே இயற்றியது. 1727இல் லண்டன் ஆயர் கிப்சன், கிறிஸ்தவம் சிவில் சொத்துரிமையில் கை வைப்பதில்லை என்று பண்ணையார்களுக்குக் கடிதம் எழுதி ஆறுதல் சொன்னார். எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 1770இல் பட்டாவியா ஆட்சி, கிறிஸ்தவ அடிமைகளை விற்கவே கூடாது என்று சட்டத்தை இறுக்கியபோது, நன்னம்பிக்கை முனையில் எசமானர்கள் அடிமைகளை ஆலயப் பக்கம் விடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஞானஸ்நானம் விலையைக் குறைக்கிறது என்று கண்டுவிட்டார்கள்! 1812இல் அந்த முனையின் பிரித்தானிய தேசாதிபதி அந்த விற்பனைத் தடையை நீக்கினார். சொன்ன காரணம், கிறிஸ்தவம் பரவத் தடையாக இருக்கிறது என்பது. ஆத்துமாவுக்கு வழிவிட உடலை மறுபடி சந்தைக்கு அனுப்பினார்கள்.

தமிழ்க் கரையில் புரட்டஸ்தாந்து வரலாறு தொடங்குவதே அடிமைகளிடத்தில். தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய சீகன்பால்கும் புளுச்சாவும் 1707 மே மாதத்தில் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்தது ஐரோப்பியர் வீடுகளில் இருந்த ஐந்து அடிமைகளுக்கு. நாளுக்கு இரண்டு மணி நேரம் படிக்க எசமானர்கள் அவகாசம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் அவர்கள் அதே வீடுகளுக்குத்தான் திரும்பிப் போனார்கள்.

அந்த மிசனின் மாணவ பரம்பரையிலிருந்து இருவர் கொழும்புக்கு வந்தார்கள். இருவருக்கும் ஆசான் தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயர். ஒருவர் கிறிஸ்தியான் தாவீது, தமிழர். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் போதித்து, 1824இல் கல்கத்தாவில் ஆயர் ஹீபரிடம் அங்கிலிக்கன் குருப்பட்டம் பெற்றவர். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் ஜிந்துப்பிட்டியில் தமிழ்ச் சபைக்காகக் கட்டிய பரிசுத்த தோமா ஆலயத்தோடு அவர் பெயர் சேர்ந்தது. மற்றவர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன். தந்தையின் உத்தியோகம் காரணமாக மதுரையில் வளர்ந்த ஸ்கொத்லாந்துப் பையன், தமிழ் பேசுவான். 1811இல், அப்போது பிரித்தானியர் ஆண்ட இலங்கையின் பிரதம நீதியரசர் ஆனார்.

இலங்கையின் அடிமை விடுதலைக் கதையில் திருப்புமுனை ஒன்று இருக்கிறதென்றால், அதை ஏற்படுத்தியவர் பிரசங்க மேடையில் நின்ற எவரும் அல்லர், நீதிபதி இருக்கையில் இருந்த இந்த மனிதர். 1811இல் உள்நாட்டவருக்கும் ஜூரி உரிமை கிடைக்கச் செய்தார் ஜோன்ஸ்டன். பிறகு ஜூரிமார் பட்டியலில் இடம்பெற்ற கனவான்களிடமே போய்க் கேட்டார்: நீதி வழங்க உட்காரும் உங்களுக்கு அடிமை வைத்திருப்பது பொருந்துமா? 1816 ஆகஸ்ட் 12, இளவரசர் ரீஜென்டின் பிறந்தநாள். அன்றிலிருந்து தங்கள் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று கொழும்பின் ஒல்லாந்தப் பரங்கியரும் மற்ற அடிமைச் சொந்தக்காரரும் ஒப்பமிட்டார்கள். பரங்கியரின் ஞாயிறு ஆலயம் வுல்வெண்டால். நல்ல காரியம்தான், ஆனால் கணக்குத் தெரிந்த நல்ல காரியம். இருக்கிற அடிமைகள் அடிமைகளாகவே இருப்பார்கள்; பிறக்கும் பிள்ளையும் சிறுவயது முடியும்வரை அதே வீட்டில் உழைத்து வளர வேண்டும்.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம் ஊர்ந்தது. 1818இல் அடிமைகளைப் பதிவு செய்யச் சட்டம், பதியாதவன் விடுதலை. 1821இல் யாழ்ப்பாணத்துக் கோவிய, நளவ, பள்ளப் பெண் குழந்தைகளைப் பிறக்கும்போதே எசமானருக்குச் சிறு தொகை கொடுத்து அரசு விடுவித்தது. 1833இல் பிரித்தானியப் பாராளுமன்றம் பேரரசு முழுவதும் அடிமைமுறையை ஒழித்த புகழ்பெற்ற சட்டத்தில் ஒரு விலக்குப் பிரிவு இருக்கிறது: ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் நிலங்கள், இலங்கை, செயின்ட் ஹெலினா ஆகியவற்றுக்கு இது செல்லாது. அடிமை ஒழிப்புக்காகப் போராடிய வில்பர்போசைப் பற்றி எமது பாடப்புத்தகங்களில் படித்தவர்களுக்கு இந்த வரியை யாரும் சொல்லித் தரவில்லை. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால். இடைப்பட்ட ஆண்டுகளில் அடிமைகள் வாளாவிருக்கவில்லை. நீதிமன்றங்களுக்குப் போய், பதிவுச் சீட்டில் பிழை பிடித்து, தாயின் நிலையைச் சாட்சி வைத்து வழக்காடினார்கள். நீரா விக்கிரமசிங்கவின் ‘பல்லக்கில் ஓர் அடிமை’ என்ற ஆங்கில நூல் (2020) அந்த வழக்கேடுகளைத் தூசி தட்டி எடுத்திருக்கிறது.

மிசனரிமார் அப்போது எங்கே இருந்தார்கள்? தீவிலேயே இருந்தார்கள், நிறையப் பேர். 1814இல் வந்த வெஸ்லியன் மிசனுக்குத் தலைமை தாங்கிப் புறப்பட்ட தோமஸ் கோக் வழியில் கப்பலிலேயே இறந்தார். அவர் 1785இல் வர்ஜீனியாவின் அடிமைகளுக்காக மனு எடுத்துக்கொண்டு ஜோர்ஜ் வாஷிங்டனின் வீட்டுக்கே போனவர். அவர் குரு ஜோன் வெஸ்லி 1774இல் அடிமைமுறைக்கு எதிராக எழுதிய சிறு நூல் காரசாரமானது. 1818இல் வந்த சி.எம்.எஸ். சங்கம் வில்பர்போசின் நண்பர் வட்டத்தில் பிறந்தது. 1816இல் யாழ்ப்பாணம் சேர்ந்த அமெரிக்க மிசன் பாஸ்டனிலிருந்து வந்தது. இவ்வளவு பெரிய வம்சாவளி இருந்தும், இலங்கையின் அடிமைச் சட்டங்களில் முன் நின்றவர்கள் நீதிபதியும் தேசாதிபதிகளும் லண்டன் செயலகமும். மிசன்கள் பள்ளிக்கூடம் கட்டின, அச்சுக்கூடம் வைத்தன, பெண்களுக்குக் கல்வி தந்தன. அடிமையின் பிள்ளை எழுத்துப் படித்தது அவர்களால்தான். இதை மறைத்தால் அது வேறொரு பொய். ஆனால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வேளாளக் குடும்பங்களைப் பகைக்க அவர்கள் தயங்கினார்கள். அமெரிக்க மிசனின் தாய்ச் சங்கமே தன் நாட்டில் இதே சிக்கலில் மாட்டியிருந்தது. அடிமை வைத்திருப்போரின் காணிக்கையை வாங்கியதற்காகவும், செரோக்கி, சொக்தோ மக்களிடையே அடிமைச் சொந்தக்காரரைச் சபையில் சேர்த்ததற்காகவும் வெறுத்துப் போன ஒரு கூட்டம் 1846இல் பிரிந்து வேறு சங்கம் தொடங்கியது. வட்டுக்கோட்டை செமினரி வானியலும் சமஸ்கிருதமும் கற்பித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. இலங்கையில் அடிமைமுறை ஒழிந்த அதே 1844இல் அமெரிக்க மெதடிஸ்த சபை, அடிமை வைத்திருந்த ஓர் ஆயரை முன்னிட்டு, வடக்கு தெற்கு என்று பிளந்தது.

உரோமாபுரி 1839இல்தான் அடிமை வியாபாரத்தைத் திட்டவட்டமாகக் கண்டித்தது. அதற்கு முந்திய வருடம் அமெரிக்காவின் மேரிலாந்து இயேசு சபையார் 272 அடிமைகளை விற்றிருந்தார்கள்; அந்தப் பணம் ஜோர்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்க உதவியது. அங்கிலிக்கன் பக்கத்தில் கதை இன்னும் சங்கடமானது. எஸ்.பி.ஜி. என்ற அங்கிலிக்கன் மிசன் சங்கம் பார்படோசில் கொட்ரிங்டன் கரும்புத் தோட்டத்துக்கு உரிமை பெற்று, அடிமைகளின் உடலில் சங்கத்தின் பெயரையே சூடு வைத்திருந்தது. விடுதலை வந்தபோது 411 அடிமைகளுக்கு ஈடாக 8,823 பவுணுக்குமேல் சங்கத்துக்குக் கிடைத்தது. அடிமைகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. அதே எஸ்.பி.ஜி. பிறகு இலங்கையிலும் வேலை செய்தது. கொழும்பின் முதல் ஆயர் சப்மனுக்குத் துணை நின்றது.

மிசனரிமார் எங்கும் வாய்மூடி இருந்தார்கள் என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. திருவிதாங்கூரில் லண்டன் மிசனும் சி.எம்.எஸ்.ஸும் 1847இல் அடிமைமுறையை நீக்கக் கோரி மகாராசாவுக்கு மனுக் கொடுத்தன. 1855இல் அங்கே அடிமைமுறை முடிந்தது. மல்லப்பள்ளியில் ஜோர்ஜ் மத்தன் என்ற சிரியன் கிறிஸ்தவக் குரு 1854இல் ஒரு புலையருக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது முகம் சுளித்தவர்கள் பழைய கிறிஸ்தவர்கள்தாம், ஏனெனில் அடிமை வைத்திருந்தவர்களில் அவர்களும் உண்டு. அங்கே மன்னரும் எசமானரும் இந்துக்கள், சிரியர். மிசனரிக்குத் தன் சம்பளக்காரனை எதிர்க்க வேண்டிய நிலை இல்லை. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அது அவ்வளவு இலகுவாக இருக்கவில்லை.

அடிமைமுறை ஒழிந்த அதே வருடங்களில் கண்டி மலைகளில் கோப்பிச் செடி பரவிக்கொண்டிருந்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளிப் பக்கங்களிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தவர்களைச் சட்டம் அடிமை என்று சொல்லவில்லை. கங்காணியின் கடன் அவர்களைக் கட்டிவைத்தது. 1850களின் நடுவில் அவர்களுக்காகத் ‘தமிழ்க் கூலி மிசன்’ தோன்றியது. அதற்குப் பணம் போட்டவர்களில் துரைமாரே முன்னணி. லயத்து வாசலில் பைபிள் வாசித்த உபதேசியார், துரை கொடுத்த பணத்தில் வாழ்ந்துகொண்டு கடன் பற்றுச்சீட்டைப் பற்றி என்ன பேசிவிட முடியும்? நூறு வருடத்துக்குப் பிறகு கண்டியில் ‘சத்தியோதயம்’ நிறுவி, மலையகத் தொழிலாளருக்காக ஆயுள் முழுக்க எழுதியும் வாதாடியும் வந்த இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், அந்த மௌனத்தை உடைத்த சிலரில் ஒருவர்.

யாழ்ப்பாணத்தில் மௌனம் வேறு வடிவம் எடுத்தது. கல்கத்தா ஆயர் டானியேல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதியை உடனடியாகக் கைவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூரில் சுவார்ட்ஸ் ஐயரின் மற்றொரு மாணவரான வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற பழைய கிறிஸ்தவர்களே எதிர்த்து நின்றார்கள். 1844க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக் கோவியரும் நளவரும் பள்ளரும் சட்டப்படி சுதந்திரர். ஆலயத்தில் எங்கே உட்காருவது, திருவிருந்துக் கிண்ணம் யாருக்குப் பிறகு யார் வாயில் படுவது, சேமக்காலையில் யாருக்கு எந்த ஓரம் என்பவற்றைக் கட்டளைச் சட்டம் சொல்லவில்லை. அரசு உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் உட்காரலாம் என்ற சமஆசன உத்தரவு 1930ஐ ஒட்டித்தான் வந்தது. அந்தப் பாடசாலைகளில் மிசன் பாடசாலைகள் ஏராளம். அடிமை ஒழிப்புக்கும் வாங்குக்கும் இடையே எண்பத்தைந்து வருடம். உத்தரவு வந்ததும் மனுக்கள் பறந்தன, சில பாடசாலைகள் எரிந்தன.

மன்னிப்புகள் இப்போது வருகின்றன. இங்கிலாந்துத் திருச்சபையின் பேரவை 2006இல் வருத்தம் தெரிவித்தது. அதன் சொத்து நிர்வாகிகள், பழைய நிதியொன்று அடிமை வியாபாரத்தில் முதலிடப்பட்டிருந்ததைக் கண்டறிந்து, 2023இல் 10 கோடிப் பவுண் ஒதுக்குவதாக அறிவித்தார்கள். நெதர்லாந்துப் பிரதமர் ருட்டே 2022 டிசம்பரில் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டபோது ஆசியாவில் கம்பனி விற்றவர்களையும் குறிப்பிட்டார். அடுத்த ஜூலையில் மன்னரும் மன்னிப்புக் கேட்டார். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் அந்தக் கணக்கில் அடக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தேசவழமையின் அடிமைப் பிரிவு அந்தக் கணக்கில் வராது. அதை வகுத்துக் கொடுத்த முதலிமாருக்கு டென் ஹாக்கில் வாரிசு கிடையாது. வாரிசுகள் இங்கே இருக்கிறார்கள், வாங்கப்பட்டவர்களின் வாரிசுகளும் இங்கேதான். காணிப் பங்கீட்டுக்குத் தேசவழமை இன்றும் நடைமுறையில் உள்ள சட்டம். அடிமைப் பிரிவை மட்டும் எல்லோரும் பக்கம் புரட்டிக் கடந்துபோகிறோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ் ஆராதனை முடிந்து வருகிறவர்கள் ஞாயிறு பத்திரிகையின் மணமகன், மணமகள் தேவைப் பக்கத்தைத் திறந்தால், கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்தம் என்ற அடையாளத்துக்குப் பக்கத்திலேயே வேளாளர் என்ற சொல்லும் அச்சாகியிருக்கிறது.